‘ஃபால்ஸ்லி’ என்றால் பொய் சொன்னார் என்றுதான் அர்த்தமா?

சென்ற இதழில் ஒரு தீர்ப்பின் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதும்போது, ஆங்கிலத்தில் ‘ஃபால்ஸ்லி’ என்று வரும் இடமெல்லாம் தமிழில் ‘பொய்யாக’ என்று போட்டுவிடக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஏன் கூடாது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சிலர் கோபமாகவே கேட்டிருக்கிறீர்கள். நான் வேலையில் இருந்த காலமெல்லாம் நீதிமன்ற ஆவணங்களைத் தமிழாக்கியவள். ஒரே ஒரு வினையடை ஒரு மனிதர் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றிவிடும் என்பதை அங்கேதான் பார்த்தேன். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இந்தச் சொல்லுக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: அகராதியில் ‘பொய்யாக’ என்றுதான் இருக்கிறது. நான் செய்திகளை மொழிபெயர்க்கிறேன். ‘ஃபால்ஸ்லி க்ளெய்ம்ட்’ என்பதை ‘பொய்யாகக் கூறினார்’ என்று எழுதினால், எங்கள் ஆசிரியர் ‘தவறாகக் கூறினார்’ என்று திருத்துகிறார். யார் சொல்வது சரி?

வாக்கியத்தைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதுதான் இந்தச் சொல்லின் இயல்பு.

‘ஃபால்ஸ்லி’ நமக்கு உறுதியாகச் சொல்வது ஒன்றே ஒன்று: சொல்லப்பட்ட செய்தி, அல்லது நம்பப்பட்ட செய்தி, உண்மைக்கு மாறானது. சொன்னவருக்கு அது தெரியுமா, தெரிந்தே சொன்னாரா, ஏமாற்ற நினைத்தாரா என்பதை அந்தச் சொல் தனியாக நின்று சொல்லாது. பக்கத்தில் இருக்கும் வினைச்சொல்தான் சொல்லும்.

‘ஃபால்ஸ்லி பிலீவ்ட்’ என்று வருகிறது என்று வையுங்கள். ஒருவர் ஒன்றை நம்பினார், அது உண்மையில்லை. நம்புகிறவர் பொய் சொல்லவில்லை, அவர் ஏமாந்திருக்கிறார். இதை ‘பொய்யாக நம்பினார்’ என்று தமிழில் எழுதினால் என்ன ஆகும்? நம்புவதுபோல் நடித்தார் என்று ஆகிவிடும். ஆங்கிலம் சொன்னதற்கு நேர் எதிர். இங்கே ‘தவறாக நம்பினார்’ என்பதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது ‘ஃபால்ஸ்லி ஸ்வோர்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். சத்தியம் செய்து ஒன்றைச் சொல்கிறார், அது உண்மையில்லை. இங்கே வாசகர் மனதில் உடனே எழுவது தெரிந்தே சொன்ன பொய்தான். ‘பொய்ச் சத்தியம்’ என்று நமக்கே சொல் இருக்கிறது. அதை எழுதலாம்.

உங்கள் ‘க்ளெய்ம்ட்’ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தெரிந்தே சொன்னவருக்கும் அதுதான், தெரியாமல் சொன்னவருக்கும் அதுதான். மூலச் செய்தியில் அவருக்கு உண்மை தெரியும் என்பதற்கான ஆதாரம் இருந்தால் ‘பொய்யாக’ என்று எழுதுங்கள். இல்லையென்றால் எழுதாதீர்கள். அதற்காக ‘தவறாக’ என்பதும் எப்போதும் பொருந்தாது. அது சில சமயம் ‘பாவம், தெரியாமல் சொல்லிவிட்டார்’ என்ற சலுகையைக் கொடுத்துவிடும். நான் பெரும்பாலும் பயன்படுத்தியது ‘உண்மைக்கு மாறாகக் கூறினார்’ என்பது. கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஆங்கிலச் சொல் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் சொல்கிறது, ஒரு பிடி கூடவோ குறையவோ இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இன்றைய தமிழில் ‘பொய்’ என்ற பெயர்ச்சொல்லுக்குள்ளேயே நோக்கம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று சொல்லும் குழந்தையிடம் ‘பொய் சொல்லாதே’ என்று யாரும் சொல்வதில்லை. ‘தப்பு’ என்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு கூற்றை ‘ஃபால்ஸ்’ என்று சொல்ல, சொன்னவரைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. தேர்வுத்தாளில் ‘ட்ரூ ஆர் ஃபால்ஸ்’ என்று கேட்பார்கள், அதை நாம் ‘சரியா, தவறா’ என்றுதான் காலங்காலமாக மொழிபெயர்த்து வருகிறோம். தேர்வுத்தாளில் தானாகவே சரியாகச் செய்வதைச் செய்தியிலும் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியென்றால் ஆங்கிலப் பத்திரிகைகள் ‘லைட்’, அதாவது ‘பொய் சொன்னார்’ என்று நேராக எழுதாமல் ‘ஃபால்ஸ்லி க்ளெய்ம்ட்’ என்று எழுதுவது பயத்தினால்தானே?

பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அவதூறு வழக்கு பற்றிய எச்சரிக்கை ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அதைவிட நேர்மையான காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு கூற்று உண்மையா இல்லையா என்பதை நிருபர் சோதித்துப் பார்க்கலாம். ஆவணம் இருக்கும், சாட்சி இருக்கும், கணக்கு இருக்கும். சொன்னவர் மனதில் என்ன இருந்தது என்பதை அப்படித் திறந்து பார்க்க முடியாது. ‘லை’ என்ற சொல் மனதைப் பற்றியது. ‘ஃபால்ஸ்லி’ கூற்றைப் பற்றியது. தெரிந்ததை மட்டும் எழுதுவது நல்ல பழக்கம்.

அந்தக் கோட்டைத் தாண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. ஒபாமா அமெரிக்காவில் பிறக்கவில்லை என்ற கூற்றை டொனால்ட் டிரம்ப் பல ஆண்டுகள் சொல்லிவந்தார். 2011-ல் ஒபாமாவின் முழுப் பிறப்புச் சான்றிதழ் வெளியிடப்பட்ட பிறகும் விடவில்லை. 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தன் தலைப்பிலேயே ‘லை’ என்ற சொல்லைப் போட்டது. அது அன்று பெரிய விவாதமானது. ஆதாரம் கண்ணெதிரே வந்த பிறகும் ஒருவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னால், ‘அவருக்குத் தெரியாது’ என்று சொல்ல இடமில்லை. அப்போது ‘பொய்’ என்று எழுதுவது சரிதான் என்பது என் எண்ணம். ஆனால் அந்த இடத்துக்கு ஆதாரம் வழியாகத்தான் போக வேண்டும்.

இந்தப் பேச்சில் சர்ச்சிலின் ஒரு தொடரைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள்: ‘டெர்மினலாஜிக்கல் இன்எக்ஸாக்டிட்யூட்’, அதாவது சொற்பயன்பாட்டில் துல்லியமின்மை. பிரிட்டிஷ் மக்களவையில் சக உறுப்பினரைப் பொய்யர் என்று அழைக்கக் கூடாது, அதனால் சர்ச்சில் இப்படிச் சுற்றி வளைத்தார் என்பது பரவியிருக்கும் கதை. நடந்தது அது அல்ல. 1906-ல் அவர் குடியேற்ற நாடுகள் துறையின் இளைய அமைச்சர். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் சுரங்கங்களில் இருந்த சீனத் தொழிலாளர்களின் ஒப்பந்தத்தை ‘அடிமைத்தனம்’ என்று அழைக்கலாமா என்ற விவாதம் நடந்தது. அந்தச் சொல்லின் முழுப் பொருளில் அப்படி அழைத்தால், சொல்லைத் துல்லியமின்றிப் பயன்படுத்தும் அபாயம் உண்டு என்றார். எழுத்துக்கு எழுத்து அவர் சொன்ன பொருள் அவ்வளவுதான். பிறகுதான் அது ‘பொய்’ என்பதற்கான நாசூக்கான மறுபெயராக மாறியது.

கேள்வி: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ‘ஃபெயில்’ என்ற சொல்லோடு உறவு உண்டு என்று படித்தேன். தேர்வில் தோற்பதற்கும் பொய்க்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியை அனுப்பியவருக்கு நன்றி. சொல்ல ஆசைப்பட்டதைக் கேட்டுவிட்டார்.

லத்தீனில் ‘ஃபால்லரே’ என்று ஒரு வினை. ஏமாற்றுவது என்பது அதன் முதன்மையான பொருள். அதன் எச்ச வடிவம் ‘ஃபால்சுஸ்’. அதிலிருந்து ‘ஃபால்ஸ்’ ஆங்கிலத்துக்கு இரண்டு முறை வந்தது என்றே சொல்லலாம். பழைய ஆங்கிலக் காலத்தின் கடைசியில் லத்தீனிலிருந்து ஒரு முறை. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பழைய பிரெஞ்சு வழியாக மறுமுறை, இந்த முறை ஆழமாக வேர்விட்டது. அதே லத்தீன் வினை பிரெஞ்சில் வேறு வடிவங்கள் எடுத்து ‘ஃபெயில்’, ‘ஃபால்ட்’, ‘டிஃபால்ட்’ என்றும் வந்தது. தவறான வாதத்தைக் குறிக்கும் ‘ஃபாலசி’ அதன் பிள்ளை. ஆண்கள் தம் இயல்பான குரலுக்கு மேலே போய்ப் பாடும் ‘ஃபால்செட்டோ’வும் அதே குடும்பம்தான். இத்தாலிய மொழியில் ‘ஃபால்ஸோ’ என்பதன் குறுமை வடிவம் அது.

தோல்விக்கும் பொய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். இதற்கு ஆங்கிலத்துக்குப் போகவே வேண்டாம். ‘மழை பொய்த்துவிட்டது’ என்று சொல்கிறோமே, அதுதான் சம்பந்தம். வானம் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. எதிர்பார்த்தோம், நடக்கவில்லை. அந்த நடக்காமையை நம் மொழி ‘பொய்த்தல்’ என்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை தொடக்கத்திலேயே காவிரியை ‘வான் பொய்ப்பினும் தான் பொய்யா’ என்கிறது. வானம் பொய்த்தாலும் தான் பொய்க்காத ஆறு. லத்தீன்காரர்களும் தமிழர்களும் ஒருவரை ஒருவர் பார்த்து இதைச் செய்யவில்லை. நம்பியதற்கு மாறாக ஒன்று நடந்தால், நம்பியவருக்கு அது தோல்வியாகவும் தெரிகிறது, ஏமாற்றமாகவும் தெரிகிறது. இரண்டு மொழிகளும் அந்த ஒரே அனுபவத்துக்கு ஒரே வேரைக் கொடுத்திருக்கின்றன.

கவனித்தீர்களா, ‘பொய்த்தல்’ என்ற வினையில் நோக்கம் இல்லை. கணிப்பு பொய்த்தது என்கிறோம், கனவு பொய்த்தது என்கிறோம். யாரும் ஏமாற்றவில்லை. ‘பொய் சொன்னான்’ என்னும்போதுதான் நோக்கம் வருகிறது. ஆக, முன்பு நான் சொன்ன சிக்கல் தமிழின் குறை அல்ல. நோக்கம் கலக்காமல் உண்மையின்மையைச் சொல்லும் வழி நம்மிடம் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. பெயர்ச்சொல்லில் அது மங்கிவிட்டது, வினையில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

லத்தீனில் இதைப் பற்றி ஒருவர் வெளிப்படையாகவே யோசித்திருக்கிறார். ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் காலத்தில் வாழ்ந்த நிகிடியுஸ் ஃபிகுலுஸ் என்ற அறிஞர். அவர் சொன்னதை ஆலுஸ் கெல்லியுஸ் என்பவர் பின்னால் எழுதிவைத்தார். பொய்யுரைப்பது வேறு, உண்மையல்லாததைச் சொல்வது வேறு என்றார் நிகிடியுஸ். பொய்யுரைப்பவன் தான் ஏமாறவில்லை, அடுத்தவனை ஏமாற்றப் பார்க்கிறான். உண்மையல்லாததைச் சொல்பவனோ தானே ஏமாந்திருக்கிறான். இந்த விளக்கத்தில் ‘ஏமாறுதல்’, ‘ஏமாற்றுதல்’ இரண்டுக்கும் அவர் பயன்படுத்திய வினை அதே ‘ஃபால்லரே’. நம் சொல்லின் வேரிலேயே இரண்டு பேரும் இருக்கிறார்கள், ஏமாற்றியவரும் ஏமாந்தவரும். மொழிபெயர்ப்பவர் அவசரப்பட்டு ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி அர்த்தம் போய்விடும்.

கடைசியில் ஒட்டும் ‘-லி’ பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என்றால் உடல், உருவம். ‘இன்ன உருவில்’ என்று சொல்லிச் சொல்லி அது விகுதியாகத் தேய்ந்துபோனது. ‘போல’ என்ற பொருள் தரும் ‘லைக்’ என்ற சொல்லும் அதே வேர்தான். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் கல்லறைத் தோட்டத்து வாசலில் கூரை போட்ட நுழைவாயில் இருக்கும். சவப்பெட்டியை அதன் கீழ் இறக்கிவைத்துப் பாதிரியாருக்காகக் காத்திருப்பார்கள். அதன் பெயர் ‘லிச் கேட்’, உடலின் வாசல். நம் ‘பொய்யாக’ என்பதில் இருக்கும் ‘ஆக’ வேறு வழியில் வந்தது. அது ‘ஆகு’ என்ற வினை. ஆங்கிலம் உருவத்தைப் பிடித்துக்கொண்டது, தமிழ் ஆகுதலைப் பிடித்துக்கொண்டது.

கேள்வி: நான் சட்டம் படிக்கிறேன். ‘நெரிசலான தியேட்டரில் தீ என்று கத்தும் உரிமை யாருக்கும் கிடையாது’ என்று பேச்சுச் சுதந்திரம் பற்றிய வகுப்பில் சொல்கிறார்கள். மூலத்தில் ‘ஃபால்ஸ்லி’ என்ற சொல் இருந்தது என்று ஒரு நண்பன் சொன்னான். ஒரு சொல்லால் அவ்வளவு வித்தியாசம் வருமா?

உங்கள் நண்பர் சொன்னது சரி. வித்தியாசம் மிகப் பெரியது.

1919-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஷென்க் வழக்கு. முதல் உலகப் போர்க் காலத்தில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் அனுப்பியதற்காக, சோஷலிஸ்ட் கட்சியைச் சேர்ந்த சார்லஸ் ஷென்க் என்பவர் தண்டிக்கப்பட்டிருந்தார். அந்தத் தண்டனையை உறுதி செய்த தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். பேச்சுச் சுதந்திரத்துக்கு எவ்வளவு கண்டிப்பான பாதுகாப்பு இருந்தாலும், ஒரு தியேட்டரில் தீ என்று ‘ஃபால்ஸ்லி’ கத்திப் பீதியைக் கிளப்புகிறவனை அது காப்பாற்றாது என்று எழுதினார். ‘நெரிசலான’ என்ற சொல் மூலத்தில் கிடையாது. பின்னால் வந்தவர்கள் அதைச் சேர்த்தார்கள், ‘ஃபால்ஸ்லி’யை விட்டுவிட்டார்கள்.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். உண்மையிலேயே தீப்பிடித்திருக்கும்போது ‘தீ, தீ’ என்று கத்துகிறவரும் குற்றவாளி ஆகிவிடுவார். கத்தியதால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கலாம். எனக்கு இந்த மேற்கோளைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். சுமக்க வேண்டிய சுமை முழுவதையும் சுமந்த சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, அலங்காரத்துக்கு ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறோம்.

இன்னொன்றையும் வகுப்பில் கேளுங்கள். தீ இருக்கிறது என்பது உண்மையா இல்லையா என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஷென்கின் பிரசுரம் கட்டாயச் சேர்ப்பு அநியாயம் என்று சொன்ன ஒரு கருத்து. ஒரு கருத்துக்கு ‘ஃபால்ஸ்லி’ எப்படிப் பொருந்தும்? ஹோம்ஸின் உவமையே அந்த வழக்குக்குப் பொருந்தவில்லை என்ற விமர்சனம் இங்கிருந்துதான் வருகிறது. அது நியாயமான விமர்சனம் என்றே நினைக்கிறேன். 1969-ல் பிராண்டன்பர்க் வழக்கில் அதே நீதிமன்றம், உடனடியான சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் அது நடந்துவிடும் வாய்ப்பும் இருந்தால்தான் பேச்சைத் தண்டிக்கலாம் என்ற இறுக்கமான அளவுகோலுக்குப் போனது. தியேட்டர் வாக்கியம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதைத் தமிழாக்கச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: ‘தீ இல்லாதபோதே தியேட்டரில் தீ, தீ என்று பொய்க்கூச்சல் போட்டு’. இங்கே ‘பொய்’ வரலாம், வர வேண்டும்.

கேள்வி: ‘ஃபால்ஸ்லி’, ‘ராங்லி’, ‘ராங்ஃபுல்லி’, ‘மிஸ்டேக்கன்லி’ இவை நான்கும் ஒன்றா?

பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆனால் ஒரே ஆள் இல்லை. ‘மிஸ்டேக்கன்லி’ என்றால் தெரியாமல் நடந்தது என்று சொல்லே சொல்லிவிடும். ‘ராங்லி’ சரியல்லாத எதற்கும் வரும், உண்மை பொய் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ‘ராங்ஃபுல்லி’யில் அநியாயம் இருக்கிறது, சட்டத்துக்குப் புறம்பானது என்ற தொனி இருக்கிறது. குற்றம் செய்யாதவருக்குத் தண்டனை கிடைத்தால் ‘ராங்ஃபுல்லி கன்விக்டட்’ என்பார்கள். அங்கே ‘ஃபால்ஸ்லி’ பொதுவாக வராது, ஏனென்றால் தண்டனை ஒரு கூற்று அல்ல. குற்றச்சாட்டு ஒரு கூற்று, அதனால் ‘ஃபால்ஸ்லி அக்யூஸ்ட்’ வரும்.

சட்ட ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ‘ஃபால்ஸ் இம்ப்ரிசன்மென்ட்’ என்பதைப் ‘பொய்ச் சிறைவைப்பு’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறைவைப்பு உண்மையில் நடந்தது. அதற்குச் சட்ட அதிகாரம்தான் இல்லை. ‘சட்டவிரோதச் சிறைவைப்பு’ என்பதே சரி.

பொய்ச் சாட்சியம் பற்றிய சட்டங்கள் நோக்கத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஃபால்ஸ்’ குடும்பத்தை மட்டும் நம்பி இருப்பதில்லை. பிரிட்டனின் 1911-ஆம் ஆண்டு பொய்ச்சாட்சியச் சட்டம், ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைத் தனியாக வைத்து, பொய் என்று தனக்குத் தெரிந்த அல்லது உண்மை என்று தான் நம்பாத கூற்று என்றும் விளக்கிச் சொல்கிறது. ‘உண்மை என்று தான் நம்பாத’ என்பதைப் பாருங்கள். அங்கே எடைபோடப்படுவது சாட்சியின் மனம்.

கேள்வி: இந்தச் சொல்லை வாக்கியத்தில் எங்கே வைப்பது? ‘அலெஜ்ட்லி’ போல முதலிலேயே வைக்கலாமா? என் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் வைக்க முடியாது. ‘அலெஜ்ட்லி, ஹி ஸ்டோல் தி மணி’ என்றால் அவர் பணத்தைத் திருடினார் என்று சொல்கிறார்கள், நான் பொறுப்பேற்கவில்லை என்று அர்த்தம். அங்கே ‘ஃபால்ஸ்லி’யைப் போட்டால் வாக்கியமே நிற்காது. திருடுவதை ஒருவர் ‘ஃபால்ஸ்லி’ செய்ய முடியாது. சொல்வது, நம்புவது, எழுதுவது, குற்றம் சாட்டுவது, காட்டிக்கொள்வது என்று ஏதாவது ஒரு செய்தியைத் தாங்கும் வினை அதற்கு வேண்டும். அந்த வினையை ஒட்டியே அது நிற்கும்: ‘ஹி ஃபால்ஸ்லி க்ளெய்ம்ட்’, ‘ஷி வாஸ் ஃபால்ஸ்லி அக்யூஸ்ட்’.

பொறுப்பு விஷயத்திலும் இரண்டும் எதிரெதிர்த் திசை. ‘அலெஜ்ட்லி’ எழுதுகிறவர் பின்வாங்குகிறார். ‘ஃபால்ஸ்லி’ எழுதுகிறவர் முன்னால் வந்து, இது உண்மையில்லை என்று நான் சொல்கிறேன் என்று கையெழுத்துப் போடுகிறார். இதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ‘அவர் கூறினார்’ என்பது அவர் பேச்சு. ‘அவர் ஃபால்ஸ்லி கூறினார்’ என்பதில் ‘ஃபால்ஸ்லி’ மட்டும் எழுதுகிறவர் பேச்சு.

எதிர்மறை வினையோடு சேர்ந்தால் குழப்பம் வரும். ‘ஹி டினைட் ஃபால்ஸ்லி அக்யூசிங் ஹெர்’ என்ற வாக்கியத்தில் அவர் எதை மறுக்கிறார்? குற்றம் சாட்டவே இல்லை என்கிறாரா, சாட்டினேன் ஆனால் அது உண்மை என்கிறாரா? தமிழில் ‘பொய்யாகக் குற்றம் சாட்டியதை மறுத்தார்’ என்றாலும் அதே குழப்பம்தான். மூலத்தில் முன்பின் படித்து எது என்று கண்டுபிடித்து, இரண்டு வாக்கியமாக உடைத்து எழுதுவது நல்லது.

எழுத்துக்கூட்டல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘ட்ரூ’ ‘ட்ரூலி’ ஆகும்போது கடைசி ‘ஈ’ விழுந்துவிடும். ‘ஃபால்ஸ்’ ‘ஃபால்ஸ்லி’ ஆகும்போது விழாது. அதேபோல, ஒரு பேச்சு போலியாகத் தோன்றினால் ‘இட் ரிங்ஸ் ஃபால்ஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும், அங்கே ‘-லி’ வேண்டாம். ஒருவருக்குத் துரோகம் செய்வதைச் சொல்லும் ‘ப்ளே ஃபால்ஸ்’ என்ற பழைய தொடரும் அப்படியே.

கேள்வி: மத்தேயு 5:11-ல் தமிழ் வேதாகமம் ‘பொய்யாய்ச் சொல்வார்களானால்’ என்கிறது. நீங்கள் சொல்லும் கணக்குப்படி இது சரியான மொழிபெயர்ப்பா?

சரியான மொழிபெயர்ப்புதான், அழகானதும்கூட. 1611-ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் ஆங்கில வேதாகமம் அந்த இடத்தில் ‘ஃபால்ஸ்லி’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் கிரேக்கத்தில் இருப்பது வினையடை அல்ல. ‘சியூடோமெனாய்’ என்ற எச்சவினை, ‘பொய் சொல்கிறவர்களாய்’ என்று பொருள். ‘சூடோ’ என்று ஆங்கிலத்தில் முன்னொட்டாக வருகிறதே, அந்த வேர். ஆக, மூலத்திலேயே நோக்கம் சொல்கிறவர்கள் மேல் இருக்கிறது. ‘பொய்யாய்’ என்ற தமிழ், ஆங்கிலத்தைவிட கிரேக்கத்துக்கு நெருக்கமாக நிற்கிறது.

பழைய கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றிலும் இந்தச் சொல் இல்லை. பெசே சுவடி என்று அழைக்கப்படும் பழம்பிரதியில் கிடையாது. லூக்கா 6:22-ல் இதற்கு இணையாக வரும் வசனத்திலும் இல்லை. அதனால் இது மூலத்திலேயே இருந்ததா, பின்னால் யாரோ விளக்கத்துக்காகச் சேர்த்ததா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். சேர்த்திருந்தால் காரணம் புரிகிறது. ஒருவரைப் பற்றித் தீயதாகப் பேசுவது மட்டும் அவரைப் பாக்கியவான் ஆக்கிவிடாது, பேசப்பட்டது உண்மையாக இல்லாதிருக்க வேண்டும் என்று அந்தக் கை கவலைப்பட்டிருக்கும்.

கேள்வி: ‘நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்ற வரி வால்டேருக்கு ‘ஃபால்ஸ்லி அட்ரிபியூட்டட்’ என்று ஒரு ஆங்கிலக் கட்டுரையில் இருந்தது. யாரோ மோசடி செய்தார்கள் என்றா அர்த்தம்?

இல்லை. இது நல்ல உதாரணம். அந்த வரியை எழுதியவர் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேய எழுத்தாளர். எஸ். ஜி. டாலன்டைர் என்ற புனைபெயரில் 1906-ல் வெளியிட்ட ‘வால்டேரின் நண்பர்கள்’ என்ற நூலில் இது வருகிறது. எல்வேசியுஸ் என்ற தத்துவவாதியின் நூல் எரிக்கப்பட்டபோது வால்டேரின் மனநிலை எப்படி இருந்தது என்பதைத் தன் சொந்தச் சொற்களில் சுருக்கிச் சொன்னார். மேற்கோள் குறிக்குள் போட்டிருந்ததால் படித்தவர்கள் அது வால்டேரே சொன்னது என்று எடுத்துக்கொண்டார்கள். அது தன் வாக்கியம்தான் என்று ஹால் பின்னால் தெளிவுபடுத்தியும் விட்டார்.

இதில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. எழுதியவர் ஏமாற்றவில்லை, பரப்பியவர்களும் நம்பித்தான் பரப்பினார்கள். ஆனாலும் ‘வால்டேர் சொன்னார்’ என்ற கூற்று உண்மையில்லை, அதனால் ஆங்கிலத்தில் ‘ஃபால்ஸ்லி’ சரி. தமிழில் ‘வால்டேர் சொன்னதாகத் தவறாக வழங்கிவரும் வரி’ என்று எழுதுங்கள். அடுத்த முறை இதை மேற்கோள் காட்டும்போது கீழே ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்று பெயர் போடுங்கள்.